பன்றிச் சிறுநீரகம்: 69 திருத்தமா, 10 திருத்தமா, 1 போதுமா?

மனித உடலில் பொருத்துவதற்கென்றே மரபணு மாற்றி வளர்க்கப்படும் பன்றிகளின் சிறுநீரகங்களில், உயிருள்ள நோயாளிகள்வரை வந்து சேர்ந்த அமெரிக்கத் தயாரிப்புகள் மூன்று. யுனைடெட் தெரபியூடிக்ஸின் துணை நிறுவனமான ரெவிவிகோர் வளர்க்கும் பன்றிகளிலிருந்து வருபவை இரண்டு: 10 மரபணுத் திருத்தம் கொண்ட யூகிட்னி, 1 திருத்தத்தோடு பன்றியின் தைமஸ் (எதிர்ப்புச் செல்களான டி-செல்கள் பழகும் சுரப்பி) திசுவையும் சேர்த்துத் தரும் யூதைமோகிட்னி. மூன்றாவது, மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த இஜெனிசிஸின் இஜென்-2784. இதில் 69 திருத்தம். இவற்றில் எதையும் பணம் கொடுத்து வாங்க முடியாது, மருத்துவ ஆய்வு வழியாகத்தான் கிடைக்கும். ஆனால் மூன்றுக்கும் விவரக்குறிப்பு இருக்கிறது, மனித உடலில் ஓடிய கணக்கு இருக்கிறது, பழுதான விதமும் பதிவாகியிருக்கிறது. மதிப்பிட அது போதும்.

முதலில் அந்த 69. செய்தித் தலைப்புகளில் இந்த எண்தான் ஓடுகிறது, பத்தைவிட ஏழு மடங்கு மேம்பட்டது போல. பிரித்துப் பார்த்தால் கதை வேறு. அறுபத்தொன்பதில் 59, பன்றியின் டிஎன்ஏவுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும் பெர்வ் என்ற ரெட்ரோவைரஸின் நகல்களைச் செயலிழக்கச் செய்வதற்கானவை. அவற்றுக்கும் உறுப்பு நிராகரிப்புக்கும் தொடர்பே இல்லை. மீதிப் பத்தில் 3 பன்றி மரபணு நீக்கம், 7 மனித மரபணு சேர்ப்பு. யூகிட்னியின் பத்தில் 4 நீக்கம், 6 சேர்ப்பு. அந்த நான்கு நீக்கத்தில் ஒன்று வளர்ச்சி ஹார்மோன் ஏற்பி, அதுவும் நிராகரிப்புக்கானதல்ல. ஆக நோய் எதிர்ப்பு மண்டலக் கணக்கில் போட்டி 69-க்கும் 10-க்கும் இல்லை, 10-க்கும் 9-க்கும்தான். கூடுதலாக இருக்கும் அந்த ஒன்று ஏ20 என்ற அழற்சி அடக்கும் மரபணு. மற்றபடி இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பட்டியல்.

அந்தப் பட்டியல் என்ன செய்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த உறுப்பின் பலமும் பலவீனமும் அங்கேதான் இருக்கின்றன.

திருத்தாத பன்றிச் சிறுநீரகத்தை மனிதருக்கு வைத்து, ரத்தநாளக் கவ்வியைத் திறந்தால் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் அது கறுத்துவிடும். காரணம் ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரை. பன்றியின் ரத்தநாள உட்சுவர் முழுக்க இது இருக்கிறது. மனிதருக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளுக்கும் இல்லை. நம் குடல் பாக்டீரியாக்கள் இதே சர்க்கரையைச் சுமப்பதால், பிறந்த சில மாதங்களிலேயே அதற்கெதிரான ஆன்டிபாடி நமக்கு உருவாகிவிடுகிறது. ரத்தத்தில் சுற்றும் மொத்த ஆன்டிபாடியில் சுமார் 1% இதற்கென்றே இருக்கிறது. இது உட்சுவரில் போய் ஒட்டும், காம்ப்ளிமென்ட் எனப்படும் ரத்தத்தின் தாக்குதல் புரதங்கள் தொடர்வினையாகத் தூண்டப்படும், சுவர்செல்கள் துளைபடும், நாளம் முழுக்க ரத்தம் உறையும். மூன்று நீக்கங்களும் இந்த முதல் தாக்குதலைக் குறிவைத்தவை: ஜிஜிடிஏ1 மரபணுவை நீக்கினால் ஆல்ஃபா-கால் போகும், சிஎம்ஏஹெச் நீக்கினால் நியூ5ஜிசி என்ற சர்க்கரை போகும், பி4கால்என்டி2 நீக்கினால் எஸ்டிஏ என்ற சர்க்கரை போகும். ஆல்ஃபா-கால் இல்லாத குளோனிங் பன்றிகள் 2002-லேயே பிறந்துவிட்டன. உடனடி நிராகரிப்பு இன்றைக்கு ஏறத்தாழத் தீர்ந்த பிரச்சினை. யூதைமோகிட்னியின் பன்றியில் ஆல்ஃபா-கால் ஒன்றுதான் நீக்கப்பட்டிருக்கிறது. அதுவே முதல் மணி நேரங்களைத் தாண்டிவிடுகிறது. 2021 செப்டம்பரில் நியூயார்க்கின் என்ஒய்யு லாங்கோன் மருத்துவமனையில் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் தொடை ரத்தநாளத்தோடு இணைத்து 54 மணி நேரம் ஓட்டிப் பார்த்தபோது அது தெளிவானது.

இங்கே விவரக்குறிப்பை வாசிப்பவர்கள் தவறவிடும் ஒரு நுணுக்கம் உண்டு. நியூ5ஜிசி சர்க்கரை பபூன், ரீசஸ் குரங்குகளிடமும் இருக்கிறது, நமக்கு இல்லை. அதனால் மூன்றையும் நீக்கிய பன்றியின் செல் மனித ரத்தத்துக்குச் சாதுவாகத் தெரியும்; குரங்கின் ரத்தத்துக்கோ, நியூ5ஜிசி போன இடத்தில் வெளிப்படும் வேறொரு அடையாளம் புதிய எதிரியாகத் தெரியும். குரங்குச் சோதனையில் வந்த எண்ணை மனிதருக்கு நேராக எடுத்துவைக்கக் கூடாது. இஜெனிசிஸ் 2023 அக்டோபரில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட குரங்கு ஆய்வில் அதிகபட்சம் 758 நாள். நல்ல எண்தான். ஆனால் 2019-இல் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகக் குழு வெறும் இரண்டே மாற்றம் கொண்ட பன்றிச் சிறுநீரகத்தை ரீசஸ் குரங்கில் 499 நாள் ஓட்டியது. எப்படி? பன்றிக்கு எதிரான ஆன்டிபாடி குறைவாக இருந்த குரங்குகளைப் பொறுக்கி எடுத்தார்கள், சிடி4 டி-செல்கள் என்ற வெள்ளணுக்களை முன்கூட்டியே காலி செய்தார்கள், எதிர்ப்புச் செல்கள் ஒன்றையொன்று தூண்டுவதை அடைக்கும் சிடி154 தடுப்பு மருந்து கொடுத்தார்கள். திருத்தங்களின் எண்ணிக்கையைவிட, யாருக்கு வைக்கிறோம், எந்த மருந்தோடு வைக்கிறோம் என்பது எவ்வளவு பெரிது என்று அந்த 499 சொல்கிறது.

சேர்க்கப்பட்ட மனித மரபணுக்கள் அடுத்தகட்டத் தாக்குதலுக்கானவை. சிடி46, சிடி55 இரண்டும் காம்ப்ளிமென்டுக்குத் தடை. ஒன்று சி3பி, சி4பி புரதங்களை வெட்டத் துணை நிற்கிறது, மற்றது சி3பி-யை உருவாக்கும் நொதியைச் சிதைக்கிறது. த்ராம்போமாடுலின், ஈபிசிஆர் இரண்டும் உறைதலைக் கட்டுப்படுத்த. இந்த ஜோடி எவ்வளவு அவசியம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்: பன்றியின் சொந்த த்ராம்போமாடுலின் உறையவைக்கும் நொதியான மனித த்ராம்பினைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் அதைக் கொண்டு, உறைதலைத் தடுக்கும் புரோட்டீன்-சி-யைப் போதுமான அளவு தூண்டாது. பத்தாவது நாளோ நாற்பதாவது நாளோ சிறு ரத்தநாளங்களில் உறைகட்டிகள் சேர்வதற்கு இந்தப் பொருத்தமின்மை ஒரு முக்கியக் காரணம். சிடி47, அந்நியச் செல்களை விழுங்கும் மனித மேக்ரோஃபேஜுக்கு ‘இதை விழுங்காதே’ என்று காட்டும் அடையாளம். ஹெச்ஓ-1 அழற்சியையும் செல் இறப்பையும் குறைக்கிறது. இஜென்-2784-இல் மட்டும் இருக்கும் ஏ20-ம் அதே வரிசை. கூடுதல் காப்பு என்று ஏற்கலாம். அது தனியாக எத்தனை நாள் சேர்த்தது என்று சொல்ல மனிதத் தரவு போதாது.

ஒரு மரபணு டிஎன்ஏவில் இருப்பதும், அது உட்சுவர்ச் செல்லின் மேல் போதுமான அளவில் வெளிப்படுவதும் ஒன்றல்ல. பட்டியலில் ஆறோ ஏழோ என்று எழுதியிருந்தாலும், குறிப்பிட்ட பன்றியின் குறிப்பிட்ட சிறுநீரகத்தில் சிடி46 எவ்வளவு, த்ராம்போமாடுலின் எவ்வளவு என்று ஃப்ளோ சைட்டோமெட்ரியிலும் (செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் முறை) திசுச் சாயச் சோதனையிலும் பார்த்திருக்கிறார்களா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

சரி, பட்டியலில் இல்லாதது எது? பன்றியின் எஸ்எல்ஏ. நம் ஹெச்எல்ஏவுக்கு இணையான திசு அடையாளம் இது. மூன்று தயாரிப்புகளிலும் இது அப்படியே இருக்கிறது. டி-செல்கள் பார்ப்பது இதைத்தான். அதோடு, முன்பு மாற்று உறுப்பு பெற்றதாலோ கர்ப்பத்தாலோ ரத்தம் ஏற்றியதாலோ ஹெச்எல்ஏ ஆன்டிபாடி சேர்ந்தவர்களில் சிலருக்கு அதே ஆன்டிபாடி எஸ்எல்ஏவிலும் ஒட்டுகிறது. ‘மனிதச் சிறுநீரகமே கிடைக்காத அளவுக்கு ஆன்டிபாடி உள்ளவர்களுக்குப் பன்றிதான் வழி’ என்ற விளம்பரப் பேச்சு இங்கே பாதி உடைகிறது. வழி உண்டு, கிராஸ்மேட்ச் சுத்தமாக இருந்தால்.

கிராஸ்மேட்ச் செய்யும் முறை எளிது, ஆனால் கறாராகச் செய்ய வேண்டும். நோயாளியின் சீரத்தைப் பன்றியின் லிம்ஃபோசைட் வெள்ளணுக்களோடு கலந்து, ஐஜிஎம், ஐஜிஜி என்ற இரு வகை ஆன்டிபாடிகளும் எவ்வளவு ஒட்டுகின்றன என்று தனித்தனியாக அளப்பது ஒரு படி. பிறகு காம்ப்ளிமென்ட் சேர்த்து எத்தனை விழுக்காடு செல்கள் சாகின்றன என்று பார்ப்பது அடுத்த படி. ஒட்டுதல் குறைவாகவும் சாவு ஏறத்தாழ இல்லாமலும் இருக்க வேண்டும். ஏதோ ஒரு திருத்தப்பட்ட பன்றியின் செல்லில் செய்த சோதனை போதாது; உறுப்பு தரப்போகும் அதே பன்றியின் செல்லில் செய்ய வேண்டும்.

இப்போது மருந்து. இந்த மதிப்பாய்வில் ஒரு பத்தியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். மனிதச் சிறுநீரகம் பெற்றவர் டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், ஸ்டீராய்டு மூன்றில் ஆண்டுக்கணக்கில் ஓட்டிவிடலாம். பன்றிச் சிறுநீரகத்துக்கு இந்த மூன்று மட்டும் போதாது. டி-செல்லும் பி-செல்லும் ஒன்றுக்கொன்று தூண்டிக்கொள்ளும் சிடி40–சிடி154 பாதையை அடைக்காவிட்டால் புதிய ஆன்டிபாடிகள் உற்பத்தியாகி, நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ உறுப்பு போய்விடும் என்பது குரங்குச் சோதனைகளில் திரும்பத் திரும்பக் கண்டது. சிடி154-ஐத் தடுத்த பழைய ஆன்டிபாடி மருந்து ரத்தத்தட்டுகளைத் தூண்டி உறைகட்டி உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. ரத்தத்தட்டுகளைத் தூண்டிய, ஆன்டிபாடியின் வால்பகுதியை மாற்றியமைத்து வந்ததுதான் டெகோப்ருபார்ட். மூன்று வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றுவார்கள். பாஸ்டனின் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனை இஜென்-2784-ஐ வைத்தபோது இதோடு டி-செல்களைக் குறைக்கும் தைமோகுளோபுலின், பி-செல்களைக் குறைக்கும் ரிட்டுக்ஸிமாப், காம்ப்ளிமென்டைத் தடுக்கும் ராவுலிஸுமாப், மேற்சொன்ன மூன்று மாத்திரைகள் எல்லாம் சேர்ந்தன. அதாவது உறுப்போடு சேர்த்து ஒரு மருந்துப் பொதியையும் வாங்குகிறோம், அதில் முக்கியமானது இன்னும் பொதுச் சந்தைக்கே வரவில்லை.

ஒரு மருந்தை மட்டும் தவிர்க்க வேண்டிய இடம் உண்டு: ஐவிஐஜி. ஆயிரக்கணக்கான மனிதர்களின் பிளாஸ்மாவைத் திரட்டிச் செய்யும் இந்த ஆன்டிபாடிக் கலவையை, தொற்று வந்தாலோ ஆன்டிபாடி நிராகரிப்பு வந்தாலோ மனித மாற்று உறுப்பில் தயங்காமல் கொடுப்பார்கள். பன்றி உறுப்புக்கு அது சிக்கல், ஏனென்றால் அந்தக் கலவையிலேயே பன்றிக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கும். 2022 ஜனவரியில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 10 திருத்தப் பன்றியின் இதயம் பொருத்தப்பட்டவர் இரண்டு மாதத்தில் இறந்தபோது ஆராயப்பட்ட காரணங்களில் இதுவும் ஒன்று. வேறு வழியின்றிக் கொடுக்கத்தான் வேண்டுமென்றால், அந்தக் குறிப்பிட்ட தொகுப்பைப் பன்றிச் செல்லில் சோதித்த பிறகே.

அதே மேரிலாந்து இதயத்தில் கிடைத்த இன்னொரு பாடம் பன்றி சைட்டோமெகலோ வைரஸ். பெர்வ் போல டிஎன்ஏவில் ஊறியதல்ல இது; சாதாரணத் தொற்று, அறுவை மூலம் குட்டியை எடுத்து, தாயிடமிருந்து உடனே பிரித்து வளர்த்தால் தவிர்க்கக்கூடியது. ஆனால் திசுக்களில் பதுங்கியிருக்கும் என்பதால் மூக்குச் சளியில் பிசிஆர் செய்தால் இல்லை என்றே வரும். ரத்தத்தில் ஆன்டிபாடிச் சோதனையும் செய்தால்தான் பிடிபடும். பபூன்களில் இந்த வைரஸ் இருந்த பன்றி உறுப்புகளின் ஆயுள் பல மடங்கு குறைந்தது. எங்கள் கணிப்பில் 59 பெர்வ் திருத்தங்களைவிட இந்த ஒரு சோதனை அதிக மதிப்புள்ளது. பன்றி உறுப்போ திசுவோ பெற்ற எந்த மனிதருக்கும் பெர்வ் தொற்றியதாக இதுவரை காணப்படவில்லை. 1997-இல் ஆய்வகக் கிண்ணத்தில் மனிதச் செல்லுக்கு அது தாவியதுதான் அச்சத்தின் வேர். அந்த அச்சம் ஆதாரமற்றது என்று சொல்லவில்லை, எதிர்ப்பு மண்டலத்தை முழுக்க அடக்கி வைத்திருக்கும் உடலில் பல ஆண்டு தங்கப்போகும் உறுப்பு இது. காப்பீடு என்ற அளவில் 59 நல்லது. உறுப்பின் ஆயுளுக்கு அது கூட்டுவது ஏதுமில்லை.

ஓடிய கணக்கு இதோ. இஜென்-2784: 2024 மார்ச் 16 அன்று மாசசூசெட்ஸ் ஜெனரலில் முதல் நோயாளி. சிறுநீரகம் உடனே வேலை செய்தது, டயாலிசிஸ் நின்றது. எட்டாம் நாள் டி-செல் நிராகரிப்பு. மருந்தை ஏற்றி மீட்டார்கள். 52-ஆம் நாள் அவர் இதயக் கோளாறால் திடீரென இறந்தார், பிரேதப் பரிசோதனையில் நிராகரிப்பு இல்லை. அதே மருத்துவமனையில் 2025 ஜனவரியில் வைத்தது 271 நாள் ஓடி, செயல்பாடு குறைந்ததால் அக்டோபரில் எடுக்கப்பட்டது. யூகிட்னி: 2024 நவம்பர் 25 அன்று என்ஒய்யு லாங்கோனில் வைத்தது 130 நாள். எடுத்த காரணத்தைக் கவனியுங்கள்: சிறுநீரகத்தோடு சம்பந்தமில்லாத ஒரு தொற்று வந்தது, அதைச் சமாளிக்க எதிர்ப்பு அடக்கும் மருந்தைக் குறைத்தார்கள், நிராகரிப்பு உள்ளே வந்துவிட்டது. யூதைமோகிட்னி: 2024 ஏப்ரலில் அதே இடத்தில், எட்டு நாள் முன்பே இதயத்துக்கு இயந்திரப் பம்பு வைக்கப்பட்ட ஒருவருக்கு. 47 நாளில் எடுத்தார்கள். அங்கே தோற்றது ரத்த ஓட்டம். பம்பு தந்த அழுத்தம் சிறுநீரகத்துக்குப் போதவில்லை.

அந்த 130 நாள் கதைதான் இந்த உறுப்பின் உண்மையான பலவீனம். திருத்தங்கள் முதல் வாரத்தைக் கடத்துகின்றன. அதன் பிறகு மருந்துதான் தாங்குகிறது. மருந்தைக் குறைக்க இடமே இல்லை, தொற்றோ எப்போது வேண்டுமானாலும் வரலாம். மனிதச் சிறுநீரகத்தில் மைக்கோஃபினோலேட்டைச் சில வாரம் நிறுத்தி வைப்பது வழக்கமான செயல். இங்கே அது உறுப்பையே பணயம் வைப்பது.

யூதைமோகிட்னியின் தைமஸ் இந்தச் சிக்கலுக்கான பதில் முயற்சி. பன்றிக் குட்டியின் தைமஸ் திசுவை அதே பன்றியின் சிறுநீரக உறைக்கு அடியில் வைத்து, சில மாதம் அங்கேயே ரத்த ஓட்டம் பிடிக்க விட்டு, இரண்டையும் ஒன்றாக எடுத்துப் பொருத்துகிறார்கள். நோயாளியின் டி-செல்கள் அந்தத் தைமஸில் பழகி, பன்றியைத் தன்னுடையதாக ஏற்கக் கற்றுக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு. கோட்பாடு அழகானது. ஆனால் டி-செல் பழக மாதங்கள் ஆகும், அதுவரை ஆன்டிபாடி காத்திருக்காது. 2023-இல் என்ஒய்யுவில் மூளைச்சாவு அடைந்தவரிடம் 61 நாள் ஓட்டிய சோதனையில் 33-ஆம் நாள் ஆன்டிபாடி நிராகரிப்பு வந்தது. பிளாஸ்மா மாற்றம், காம்ப்ளிமென்டின் சி3 புரதத்தைத் தடுக்கும் மருந்து, தைமோகுளோபுலின் மூன்றும் சேர்ந்து அதைத் திருப்பின. திருப்ப முடிந்தது என்பது நல்ல செய்தி. ஒரே திருத்தத்தோடு 33-ஆம் நாளே வந்தது என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய பண்ணைப் பன்றியின் உறுப்பு மனித உடலுக்குள் வந்த பிறகும் தன் போக்கில் வளரும். ரெவிவிகோர் இதற்காகத்தான் வளர்ச்சி ஹார்மோன் ஏற்பியை நீக்குகிறது. இஜெனிசிஸ் யுகடான் குட்டை இனப் பன்றியை எடுத்துக்கொண்டு அந்தத் திருத்தத்தையே தவிர்த்துவிட்டது. இரண்டாவது வழி எங்களுக்குப் பிடித்திருக்கிறது; இனத்தைத் தேர்ந்தெடுத்து முடிகிற காரியத்துக்கு மரபணுவை வெட்ட வேண்டியதில்லை. உடலியக்கத்தில் மூன்றுக்கும் ஒரே குறை: பன்றிச் சிறுநீரகம் சுரக்கும் ரெனின் என்ற நொதி, ரத்த அழுத்தத்தை உயர்த்தும் ஹார்மோனின் மூலமான மனித ஆஞ்சியோடென்சினோஜெனைச் சரிவர வெட்டுவதில்லை, அதனால் நீர்ச்சத்து குறைந்தால் ரத்த அழுத்தத்தைத் தூக்கிப்பிடிக்கும் திறன் குறைவு. வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த நாளில் இது சின்ன விஷயமல்ல. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் ஊசியும் தொடர வேண்டியிருக்கலாம்.

கண்காணிப்பில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறும்வரை காத்திருந்தால் தாமதம். ரத்தத்தில் மிதக்கும் பன்றி டிஎன்ஏவின் விழுக்காடு, நோயாளியின் டிஎன்ஏவிலிருந்து எளிதாகப் பிரித்தறியக் கூடியது என்பதால், நல்ல முன்னறிவிப்பு. ரத்தத்தட்டு குறைந்து, செல் சிதைவைக் காட்டும் எல்டிஹெச் ஏறி, சிவப்பணு உடையும்போது குறையும் ஹாப்டோகுளோபின் விழுந்தால் சிறுநாள உறைதல் தொடங்கிவிட்டது என்று பொருள். சந்தேகம் என்றால் அன்றே பயாப்சி (திசுத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது). எட்டாம் நாள் நிராகரிப்பைத் திருப்ப முடிந்தது சீக்கிரம் பார்த்ததால்தான்.

எதை எடுக்கலாம்? யூகிட்னியின் ‘எக்ஸ்பாண்ட்’ என்ற மருத்துவ ஆய்வுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2025 பிப்ரவரியில் அனுமதி தந்தது: முதலில் 6 பேர், பிறகு 50 வரை, வயது 55 முதல் 70. மனிதச் சிறுநீரகத்துக்கு மருத்துவக் காரணத்தால் தகுதியில்லாதவர்கள், அல்லது ஐந்தாண்டுக்குள் அது கிடைப்பதைவிட, இறப்பதற்கோ கிடைக்காமலே போவதற்கோ வாய்ப்பு அதிகம் உள்ளவர்கள். உற்பத்தி ஒழுங்கிலும் ரெவிவிகோர் தரப்பு முன்னே இருக்கிறது. வர்ஜீனியாவின் கிறிஸ்டியன்ஸ்பர்க்கில் நோய்க்கிருமி தவிர்த்த வளர்ப்புக் கூடம் 2024-இல் திறந்தது, ஆண்டுக்கு 125 உறுப்பு கொள்ளளவு. ஓடிய நாள்களில் இஜென்-2784 முன்னே. ஆனால் 271-க்கும் 130-க்கும் இடையே உள்ள வித்தியாசத்தைத் திருத்தங்களின் கணக்கில் எழுத முடியாது: நோயாளிகள் வேறு, மருந்துப் பொதி வேறு, மருந்தைக் குறைக்க நேர்ந்த சூழல் வேறு. ஹெச்எல்ஏ ஆன்டிபாடி குறைவாக உள்ள, இதயம் நன்றாக இருக்கும், தொற்று வரலாறு இல்லாத நோயாளிக்கு இரண்டில் எதுவும் ஏற்கத்தக்கதே. மருத்துவக் குழு சிடி154 தடுப்பைக் கையாண்ட பழக்கமே தீர்மானிக்க வேண்டும். இதய பலவீனம் உள்ளவருக்கு மூன்றுமே வேண்டாம். யூதைமோகிட்னியை இப்போதைய வடிவில் பரிந்துரைக்க மாட்டோம்; மூன்று நீக்கமும் செய்த பன்றியில் தைமஸ் சேர்த்து வந்தால் மறுபடி பார்க்கலாம். உயிருள்ள உறவினர் சிறுநீரகம் தர முன்வந்திருந்தால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு அதற்கான சோதனைகளுக்குப் போவதே சரி.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் இரண்டு விஷயம் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எந்த நிலையில் உறுப்பை எடுத்துவிட்டு டயாலிசிஸுக்குத் திரும்புவார்கள், அப்போது மனிதச் சிறுநீரகப் பட்டியலில் உங்கள் இடம் என்ன ஆகும் என்பது ஒன்று. எடுத்த பிறகு ஹெச்எல்ஏ ஆன்டிபாடியை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். மற்றது ஆயுள்கால நிபந்தனை: ரத்த மாதிரிகள் தொடர்ந்து சேமிக்கப்படும், நீங்கள் இனி ரத்தமோ உறுப்போ தானம் செய்யக் கூடாது, உங்கள் வாழ்க்கைத் துணைக்கும் அந்தத் தடை பொருந்தும். சிறுநீரகத்தை எடுத்துவிட்டாலும் இந்த நிபந்தனை நீங்காது.